எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில்

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தாலும், வங்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் பெட்டியடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கடன் கொடுத்தவர்கள் நம் ஐயாக்கள். 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது சென்னையோடும் ரங்கூனோடும் சேர்த்துக் காரைக்குடியிலும் கிளை திறந்தார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கே இன்றைக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுக்க ஆயிரம் யோசனை செய்கிறார்களே என்பதுதான் அந்தப் பேச்சு. "அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லே போதும்" என்று யாராவது ஒருவர் முடித்துவைப்பார். மற்றவர்கள் வெற்றிலையை மடித்தபடி தலையாட்டுவார்கள். எனக்கு இப்போது முழு மனத்தோடு தலையாட்ட முடியவில்லை. அதற்காக வங்கிகளின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்குள் ஒரு வழக்கு நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் பள்ளத்தூரில் பலகாரம் செய்து விற்கும் ஓர் ஆச்சி.

நான் காரைக்குடியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, வரிப் படிவங்களைத் தாக்கல் செய்து கொடுப்பவன். ஆச்சி எங்களுக்குத் தூரத்து உறவு. மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, தேன்குழல் என்று கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுத்துப் பழகிய கை, மெல்ல ஒரு தொழிலாக வளர்ந்தது. சென்னையில் ஒரு கடை மாதந்தோறும் சரக்கு எடுக்க முன்வந்தது. பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்குத்தான் அனுப்புவோம் என்று அவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஆதார், பான் அட்டை, உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று என எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆச்சி ஒரு வங்கிக் கிளைக்குப் போனார். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். தாள்களை வாங்கிக்கொண்டார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். சில நாள் கழித்துப் போய்க் கேட்டபோது, "மேலே இருந்து வரலை ஆச்சி, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது" என்றார்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், "பழசுல ஏதோ இருக்கும்போல" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. இன்னொரு வங்கியிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே "ஏதோ இருக்கும்போல" என்றுகூடச் சொல்லவில்லை.

காரணம் தெரியாதபோது மனிதர்கள் தாங்களாகவே ஒரு குற்றப்பட்டியல் தயாரித்துக்கொள்கிறார்கள். ஆச்சி என் முன்னால் உட்கார்ந்து தன் வாழ்நாளில் வங்கியோடு நடந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். மதுரையில் குடியிருந்தபோது திறந்து, குறைந்தபட்ச இருப்பு வைக்காமல் அப்படியே விட்டுவந்த சேமிப்புக் கணக்கு. கணவர் இறந்த வருடம் பணமில்லாமல் திரும்பிய ஒரு காசோலை. ஒரு தவணை தாமதமாகக் கட்டித் திருப்பிய நகைக்கடன். "இதுல எதுக்குத் தம்பி எனக்குத் தண்டனை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இயங்காமல் கிடக்கும் சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று இப்போது அபராதம் போடக்கூடாது, அந்த அபராதத்தாலேயே கணக்கு இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதால், மதுரைக் கணக்கு இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று மட்டும் சொன்னேன்.

பழையது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது

இந்தியாவில் சாதாரணச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறப்பது பழைய கடனால் தடைபடுவதற்குப் பொதுவான விதி ஏதும் இல்லை. குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை 2012 முதல் எல்லா வங்கிகளும் எல்லோருக்கும் தர வேண்டும் என்றே இருக்கிறது. சிக்கல் வேறு வழியாக வருகிறது. ஒரு வங்கிக்குள் ஒருவருக்கு ஒரே வாடிக்கையாளர் எண்தான். பான் எண்ணைத் தட்டியவுடன் பழைய எண் எழுந்து வந்து நிற்கும், அதன் மேல் வாராக்கடன் குறி இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும். ஒரு வங்கியில் கடனைப் பாதியில் விட்டுவிட்டு எதிர் வரிசையிலிருந்த வேறு வங்கிக்குப் போய் நிம்மதியாகக் கணக்கு வைத்திருந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். 2020 ஏப்ரல் 1-ஆம் நாள் பொதுத்துறை வங்கிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது, விட்டுவந்த வங்கியும் வந்து சேர்ந்த வங்கியும் ஒரே வங்கியாகிவிட்டதை அவர்கள் கொஞ்சம் பிந்தித்தான் உணர்ந்தார்கள். அங்கே வங்கிக்குக் கணக்கில் விழும் பணத்தைப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்பதால், கணக்குக் கிடைத்தும் பயனில்லை என்ற நிலை வரும்.

நடப்புக் கணக்கின் சங்கதி இன்னும் கடுமையானது. ஒரு வங்கியில் கடன் வாங்கிக்கொண்டு, வியாபாரத்தில் வரும் பணத்தை வேறொரு வங்கியின் நடப்புக் கணக்கு வழியாக நகர்த்திக்கொண்டிருந்த பெரிய நிறுவனங்களால் ரிசர்வ் வங்கி பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால்தான் 2020 ஆகஸ்டில், கடன் வசதி வைத்திருப்பவர்களுக்கு வேறு வங்கிகள் நடப்புக் கணக்குத் திறப்பதைக் கட்டுப்படுத்திச் சுற்றறிக்கை வந்தது. பெரிய மீனுக்காக விரித்த வலை; அதில் ஆச்சியைப் போன்றவர்கள் சட்டப்படி சிக்க வேண்டியதில்லை. ஆனால் நடப்புக் கணக்கு என்றாலே விண்ணப்பதாரர் பழைய கடன்களைக் கட்டிய விதத்தைக் காட்டும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது என்ற பழக்கம் கிளைகளில் ஊறிவிட்டது. பார்த்தபின் வேண்டாம் என்று சொல்வது வங்கியின் வணிக முடிவு என்று விடப்பட்டிருக்கிறது. அந்த அறிக்கையைத் தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் பெயரான சிபில்தான் ஊர்வாயில் எல்லாவற்றுக்கும் பெயர். இது போதாதென்று, இணையவழி மோசடிகளில் பெயர் அடிபட்டவர்களின் பதிவேடு ஒன்றை ஒன்றிய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கி வங்கிகளோடு பகிர்ந்துகொள்கிறது. மோசடிப் பணம் பல கை மாறி, ஒன்றும் அறியாத ஒரு மளிகைக் கடைக்காரரின் யுபிஐ வழியே கடந்துபோனால்கூட அவருடைய கணக்கு முடக்கப்படும் காலம் இது. இப்படி ஒரு மனிதரைப் பற்றிய பழைய செய்தி எத்தனை ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்த மனிதர் மட்டும் அறிய மாட்டார்.

கிட்டங்கியில் மறதி இருந்ததா

முகப்பில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பழைய காலத்தை இழுத்து வருவார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். ரங்கூனிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கி என்பது ஒரே கூடத்தில் பல விலாசக்காரர்கள், அதாவது தனித்தனி வட்டிக்கடைக்காரர்கள், வரிசையாகப் பெட்டியும் மேசையும் போட்டு உட்கார்ந்திருந்த இடம். ஒரு பெட்டியில் வாங்கிய கடனைத் திருப்பாதவன் பக்கத்துப் பெட்டிக்குப் போய்ப் புதுக் கடன் கேட்க முடியுமா? அவன் படியிறங்கிப் போவதற்குள் அவன் கதை கடைசிப் பெட்டிவரை போயிருக்கும். வாய்ச்சொல் போதுமாக இருந்தது என்றால், அந்த வாய்ச்சொல்லுக்குப் பின்னால் எல்லோர் வாயிலும் புழங்கிய தகவல் இருந்ததனால்தான். அந்தத் தகவலுக்குக் காலக்கெடு கிடையாது. திவாலாகி மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்ற பெயர் மகனுக்கும் பேரனுக்கும் பெண் கேட்கப் போகும் இடம்வரை தொடர்ந்து வந்ததை நம் வீடுகளிலேயே கேட்டிருக்கிறோம்.  ஆகவே பழைய ஆட்கள் மறந்து மன்னித்தார்கள் என்பதை நான் ஏற்கத் தயாரில்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வேன். கிட்டங்கியில் மறுத்தவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். இன்ன ஏட்டில், இன்ன பக்கத்தில் உன் பாக்கி நிற்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. அது என் பாக்கி அல்ல, என் பங்காளியுடையது என்று எதிரே நிற்பவனும் வாதாட முடிந்தது. (வங்கிகளின் பழைய குற்றங்களை வாடிக்கையாளர் பார்க்கும்படி யாராவது ஏடு வைத்திருக்கிறார்களா என்று ஒரு பெரியவர் அந்த முகப்பில் கேட்டார். 1906-இல் ஆர்பத்நாட் நிறுவனம் சென்னையில் முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்த அடியிலிருந்துதான் அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. அவர் கேள்வி நியாயமானது, ஆனால் அது தனிக் கட்டுரைக்குரியது.)

அறிக்கை

ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது நான்கு நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி இட்டிருக்கும் கட்டளை. வங்கி சொல்லாவிட்டால் நாமே பார்ப்போம் என்று நான்கிலும் ஆச்சியின் பெயரில் விண்ணப்பித்தோம். அவருடைய கைப்பேசிக்கு எண் வர, அவர் அதை உரக்கப் படிக்க, நான் தட்டச்சு செய்ய, அறிக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அன்றைக்கு என் மேசையில் நடந்ததுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதல் பதிவைப் பார்த்ததும் ஆச்சிக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கொழுந்தனார், வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். பட்டறைக் கடனுக்கு ஆச்சி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். 2020 ஊரடங்கில் வீட்டு வேலைகள் நின்று, கல்லுக்குக் கேட்பாரில்லாமல் பட்டறை முடங்கியது. கடன் தொண்ணூறு நாளைத் தாண்டி வாராக்கடனாகி, பிறகு வங்கியின் ஏட்டில் தள்ளுபடிக் குறியும் பெற்றுவிட்டது. தள்ளுபடி என்பது வங்கி தன் கணக்கைச் சுத்தம் செய்துகொள்வது, கடன்காரனை விட்டுவிடுவதல்ல. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆச்சி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "இது என்னோடதுதான் தம்பி. கையெழுத்துப் போட்டது நான்தானே. இதுக்காகத் தர மாட்டேன்னா நான் என்ன சொல்ல முடியும்?" என்றார். எழுந்து போகவும் ஆயத்தமானார். வங்கி சொன்னது சரி, நாம் வீணாகக் கோபப்பட்டோம் என்பது அவருடைய தீர்ப்பு.

நான் அடுத்த அறிக்கையைத் திறந்தேன். ஜாமீன் பதிவுக்குக் கீழே இன்னொன்று இருந்தது: கோயம்புத்தூரில் வாங்கப்பட்ட ஓர் இருசக்கர வாகனக் கடன், மாதக் கட்டங்கள் எல்லாவற்றிலும் தாமத நாட்கள் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் அதற்கும் தள்ளுபடிக் குறி. ஆச்சி சைக்கிள்கூட ஓட்டியவர் அல்லர். கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போனதோடு சரி. ஆனால் பெயர் அவருடையது, பிறந்த தேதி அவருடையது, நிரந்தர முகவரியாக அவர் பிறந்த வளவின், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டின், கதவிலக்கம் இருந்தது. இருவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இது எங்க சித்தப்பா மக. ரெண்டு பேருக்கும் எங்க அப்பத்தா பேரு."

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகளின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஐயாவின் பெயரையும் ஒரே அப்பத்தாவின் பெயரையும் தாங்குவார்கள். பெரிய வீடு ஒன்றுதான், அதில் புள்ளிகள் எனப்படும் தனித்தனிக் குடும்பங்கள் பல, கதவிலக்கமும் ஒன்றுதான். பிறந்த தேதியோ, ஒரே பள்ளியில் ஒரே ஆண்டில் இருவரையும் கொண்டுபோய் விட்டபோது வாத்தியார் எழுதிய ஜூன் மாதத் தேதி. பான் எண் வேறாக இருந்திருந்தால் பதிவுகள் பிரிந்திருக்கும். அந்த வாகனக் கடன் பதிவில் பான் எண் இருந்த கட்டம் காலியாக இருந்தது. பெயரும் தேதியும் முகவரியும் பொருந்தியதும் இயந்திரம் இரண்டு பெண்களை ஒருத்தியாக்கிவிட்டது. வீட்டில் இந்தக் குழப்பமே வராது. சின்னவள், பெரியவள், கோட்டையூராள், மேலவீட்டாள் என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்துப் பிரித்துக்கொள்கிறோம்.

எனக்குள் இருந்த வழக்கு அந்த நிமிடத்தில்தான் வேறு பக்கம் திரும்பியது. ஒரே அறிக்கையில் ஒரு பதிவு நியாயமானது, இன்னொன்று அவருக்குச் சம்பந்தமே இல்லாதது. வங்கி எதைப் பார்த்து மறுத்தது? ஜாமீனுக்காக என்றால் அவர் கொழுந்தனாரோடு உட்கார்ந்து பேசி அந்தக் கடனை முடிக்க வேண்டும். வாகனத்துக்காக என்றால் அவர் தலைகுனிய ஒரு காரணமும் இல்லை, எதிர்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் வழிகள் முற்றிலும் வேறு. காரணத்தைச் சொல்லாமல் விட்டதனால், செய்ததற்குப் பொறுப்பேற்பவரும் செய்யாததற்குப் பழி சுமப்பவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். நான் முதல் அறிக்கையோடு நிறுத்தியிருந்தால், இந்த நேர்மையான மனுஷி, வாகனக் கடனுக்காக வந்த மறுப்பையும் தன் ஜாமீன் கையெழுத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். வங்கி பழையதை நினைவில் வைப்பது பற்றி எனக்கு முறையீடு இல்லை. வைப்புதாரர்களின் பணத்தைக் காப்பவன் அதைச் செய்யத்தான் வேண்டும். எதை நினைவில் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் சொல்ல வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நியூ ஜெர்சியில் ஒரு கடிதம்

இதை என் அக்காள் மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவன் தன் கதையைச் சொன்னான். அமெரிக்காவில் படிக்கப்போன ஊரில் திறந்த கணக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்துவிட்டான். மாதக் கட்டணம் ஏறி இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போக, அந்த வங்கி கணக்கை மூடிப் பாக்கியைப் பதிவு செய்துவிட்டது. அங்கே கடன்களுக்கு ஓர் ஏடு, வைப்புக் கணக்குகளுக்கு வேறோர் ஏடு. செக்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இப்படி மூடப்பட்ட கணக்குகளின் செய்தியை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கிறது. புதிய வங்கி அவனுக்குச் சாதாரணச் சேமிப்புக் கணக்கையே மறுத்துவிட்டது. அந்த வகையில் நம் ஊர் விதி அவர்களுடையதைவிட இளகியது. ஆனால் மறுப்போடு ஒரு கடிதமும் வந்தது. எந்த நிறுவனத்தின் தகவலை வைத்து மறுத்தோம், அறுபது நாட்களுக்குள் கேட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம், தவறென்றால் எதிர்த்து எழுதலாம் என்று அதில் இருந்தது. இப்படிச் சொல்லியாக வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் கடன் தகவல் சட்டத்திலிருந்து வரும் கடமை. அவன் பாக்கியைக் கட்டி ரசீது வாங்கினான், விஷயம் நகர்ந்தது.

நம் பக்கத்திலும் ஒன்றுமில்லை என்று சொல்வது நியாயமாகாது. அறிக்கையில் தவறென்று முறையிட்டால் முப்பது நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, அது அடுத்த ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கடன் தகவல் நிறுவனங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் முறையிடவும் 2022 முதல் வழி இருக்கிறது. வாடிக்கையாளர் விண்ணப்பத்தை யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று 2025-இல் அடையாளச் சரிபார்ப்பு விதிகளிலும் சேர்த்திருக்கிறார்கள். பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் பதிவான காரணம் அதிகாரியின் கோப்பில் இருக்கிறது, விண்ணப்பித்தவரின் கையில் அல்ல. கணக்குத் திறக்க மறுத்ததை எதிர்த்துக் குறைதீர்ப்பாளரிடம் போனால், வங்கியின் வணிக முடிவுகள் அவர் வரம்புக்குள் வராது என்ற வரி குறுக்கே நிற்கும். இன்னொரு வேறுபாடும் என்னை உறுத்துகிறது. அமெரிக்கச் சட்டம் பெரும்பாலான பாதகமான செய்திகளை ஏழு ஆண்டுகளுக்கு மேல் அறிக்கையில் காட்டக்கூடாது என்கிறது. நம்முடையது தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அங்கே ஏழு உச்சவரம்பு, இங்கே தொடக்கவரம்பு.

வாகனப் பதிவை எதிர்த்து ஆச்சியின் பெயரில் முறையிட்டோம். இருவரின் ஆதார், பான் நகல்களையும் வளவின் புள்ளி விவரத்தையும் இணைத்தோம். இதற்குச் சித்தப்பா மகளின் தயவு தேவைப்பட்டது. ஆச்சி அவரைக் கூப்பிட்டு விவரம் சொன்னபோது, "அப்படியா ஆச்சி, எனக்குப் போன வருசந்தான் வீட்டுக்கடன் கேட்டவுடனே குடுத்தாக" என்று வெள்ளந்தியாகச் சொன்னாராம். அவருடைய பாக்கியை ஆச்சி சுமந்துகொண்டிருக்க, அவர் அறிக்கை அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கிறது. கோபித்துக்கொள்வதா, சிரிப்பதா என்று ஆச்சிக்கே தெரியவில்லை. நகல்கள் மறுநாளே வந்துவிட்டன. பதிவும் கெடுவுக்குள் நீங்கியது.

பட்டறைக் கடனுக்கு வங்கி ஒரு தொகையைக் குறைத்துச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம் என்றது. அப்படி முடித்தால் அறிக்கையில் சமரசத்தில் முடிந்தது என்ற குறி விழும், அதைப் பார்க்கும் அடுத்த வங்கி முழுதாகக் கட்டி முடித்ததாக அதை எடுத்துக்கொள்ளாது என்பதைச் சொன்னேன். கொழுந்தனாரும் ஆச்சியும் வீட்டில் பேசி, முழுத் தொகையையும் தவணையாகக் கட்டி, நிலுவை ஏதுமில்லை என்ற சான்றோடு முடிப்பது என்று தீர்மானித்தார்கள். அதில் பாதிகூட இன்னும் கட்டப்படவில்லை.

இதற்கிடையில் ஆச்சி அதே மஞ்சள் பையோடு முதலில் மறுத்த அதே கிளைக்குப் போனார். இந்தத் தடவை நடப்புக் கணக்கு கிடைத்துவிட்டது. காசோலைப் புத்தகமும் வந்து, சென்னைக் கடையின் பணமும் விழத் தொடங்கிவிட்டது. ஜாமீன் பதிவு அப்படியே நிற்கும்போது கணக்குக் கொடுத்ததனால், அன்று தடுத்தது வாகனம்தான் என்று நான் ஊகிக்கிறேன். கிளையில் மேலாளர் மாறியிருந்தார் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆச்சி விடாமல் கேட்டிருக்கிறார், முன்னே எதுக்காக மாட்டேன் என்றீர்கள் என்று. "இப்பத்தான் சிஸ்டம் எடுத்துருச்சே ஆச்சி" என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தாராம் அந்த எழுத்தர்.